தெருவுக்கு வைத்த நிலைவாசல்

ஆவணி 22, வெள்ளிக்கிழமை. காலை 4.50-க்கு எழுந்தேன். வேப்பங்குச்சி. கிணற்றில் பதினோரு வாளி இறைத்தேன். உப்புத் தண்ணீர், குளிக்க மட்டும் ஆகும். 5.30-க்குக் கருப்பட்டிக் காப்பி, முக்கால் டம்ளர். 5.40-க்கு அன்றைய வேலைக்குப் பென்சில் நான்கு சீவினேன். 5.55-க்கு வீட்டை விட்டு இறங்கினேன்.

நாட்குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது. ஆண்டும் அட்டையில் இருக்கிறது. அதை இங்கே எழுதப்போவதில்லை. இந்த விஷயத்தில் கலந்துகொண்டவர்கள் சிலர் இன்னும் இதே ராமநாதபுரத்துத் தெருக்களில்தான் காலை நடை போகிறார்கள். சுதந்திரம் வந்து ஏறக்குறைய பத்து ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரப் பகுதியைப் படித்த ஒருவர், "எல்லாவற்றையும் நிதானமாக எழுதுகிறீர்களே, உங்களுக்குக் கோபமே வராதா?" என்று கேட்டு எழுதியிருந்தார். வரும் ஐயா. இந்த வாரம் வரும்.

பூஜை

5.55-க்கு நான் இறங்கியது எங்கள் மூன்றாம் தெருவின் கோடிக்குப் போக. அங்கே ஒரு நிலை வைக்கும் பூஜை.

வீட்டுக்கு வைக்கும் நிலை அல்ல. தெருக்கோடியில் இரண்டு கல்தூண்கள் உண்டு, நடுவே ஐந்தடி இடைவெளி. இருபக்கமும் முள்கம்பி. அந்த ஐந்தடியை அடைத்து, நடுவில் ஒரு கதவில்லாத மர நிலை. வழி பதினெட்டு அங்குல அகலம். கீழ்க்கட்டை முழங்கால் உயரத்தில். மேல்கட்டை தரையிலிருந்து ஐந்தடி ஆறங்குலத்தில். ஆள் தாண்டிப் போகலாம், ஆடு மாடு போக முடியாது. இதுதான் ஏற்பாடு.

ஆசாரி வீட்டு நிலைக்குச் செய்வதை ஒன்று விடாமல் செய்தார். மஞ்சள் பூசினார், குங்குமம் வைத்தார், மாவிலை கட்டினார், நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து மேல்கட்டையில் தொங்கவிட்டார். நிலை என்றால் அவருக்கு நிலைதான். அதற்குப் பின்னால் வீடு இல்லை, ஊருக்குப் போகிற பாதைதான் இருக்கிறது என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. தேங்காய் உடைந்தது. சுண்டல் கொடுத்தார்கள். பதினான்கு பேர் இருந்தோம்.

கற்பூரம் அணைவதற்குள் பிலோமினா வந்துவிட்டார்.

மண்டபத்துக்குப் பக்கத்துக் கரையிலிருந்து மீன் கொண்டுவருகிறவர் பிலோமினா. ஆறரை மணி வண்டியில் இறங்குவார். ரயிலடியில் கூட வருகிற பெண்ணொருத்தி பனையோலைக் கடகப்பெட்டியைத் தூக்கிச் சும்மாட்டின் மேல் வைத்துவிடுவாள். நேரே எங்கள் நகர், மூன்றாம் தெரு, கோடித் தூண்கள், அப்புறம் பழைய ஊர். வெயில் ஏறுமுன் அங்கே வாடிக்கை வீடுகளில் விற்று முடித்து, 9.40 வண்டிக்குத் திரும்பிவிடுவார். ஒன்பது ஆண்டாக இதே வழி.

நிலையைப் பார்த்து நின்றார். தலையைத் திருப்ப முடியாது, பெட்டி இருக்கிறது. கண்ணை மட்டும் சுழற்றி எங்கள் எல்லோரையும் பார்த்தார்.

"என்னய்யா இது, தெருவுக்கு வீடு கட்டுறீகளா? பால் காச்சியாச்சா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். எங்கள் நகர்ச் சங்கத்தின் காரியதரிசி நான். பதில் சொல்ல வேண்டியவன்.

"மாடு வராம இருக்கத்தான், பிலோமி."

"மாடு வராது, சரி. நான் எப்படிப் போவேன், படக்காரய்யா?"

படக்காரர் என்பது நான்தான். ஓர் அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் வேலை.

"ஆள் தாராளமாப் போகலாம். இங்க பாரு" என்று சொல்லி, நானே காலைத் தூக்கிவைத்து அந்தப் பக்கம் போய், திரும்பியும் வந்து காட்டினேன். பெருமையாக இருந்தது. மேல்கட்டைக்கும் என் தலைக்கும் நடுவே சரியாக இரண்டு அங்குலம்.

"நீங்க போவீக. உங்க தலையில முடி கூட இல்லையே, எது தட்டப்போகுது?"

இப்போது எல்லோரும் சிரித்தார்கள்.

பிலோமினா முயன்று பார்த்தார். இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்க முடியாமல், காலால் துழாவிக் கட்டையைக் கண்டுபிடித்து ஒரு காலை அந்தப் பக்கம் வைத்தார். முழங்காலை மடக்கினார். பெட்டியின் விளிம்பு மேல்கட்டையில் இடித்தது. மடக்கியது போதவில்லை, அதற்கு மேல் மடக்கினால் எழ முடியாது. பெட்டி சாய்ந்தது. இரண்டு கை அளவு சூடை மீன் வழுக்கிக்கொண்டு வந்து மஞ்சள் தண்ணீரிலும் உடைந்த தேங்காய் ஓட்டிலும் விழுந்தது.

"ஏய், ஏய்! பூஜை போட்ட எடம்!" என்று சங்கத் தலைவர் கத்தினார்.

"வெள்ளியாக் கொட்டியிருக்கேன், கோவிச்சுக்கிறீகளே" என்றார் பிலோமினா. ஆனால் குரலில் விளையாட்டுப் போயிருந்தது.

யாரோ, "பெட்டிய எறக்கி வச்சுட்டுத் தாண்டு" என்றார்கள்.

"எறக்கலாம். அங்கிட்டு நின்னு தூக்கிவிட யாரு வருவா? நீங்க வாரீகளா?"

தலைச்சுமைக்காரர்களுக்கு இது தெரியும். நிறைந்த பெட்டியைத் தனியாக யாரும் தலைக்கு ஏற்ற முடியாது. ஒருவர் கைகொடுக்க வேண்டும். பதினான்கு பேரில் ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. நானும் போகவில்லை. அது நாட்குறிப்பில் இல்லை. இப்போது சேர்க்கிறேன்.

"அளந்தது யாரு?"

"நான்தான்."

"எதை வச்சு அளந்தீக?"

"என்னை வச்சுத்தான்."

"அதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். பெரிய சாலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நேரம் 6.58.

சீப்புகள்

இந்த இடத்தில் எங்கள் நகர் எப்படிப்பட்டது என்று சொல்லாவிட்டால், ஒரு மர நிலைக்கு இவ்வளவு கோபமா என்று தோன்றும்.

ரயிலடிக்கும் பழைய ஊருக்கும் நடுவே முன்பு பனங்காடும் உடைமரமும்தான். மனிதர் கால் பட்டுத் தேய்ந்த பாதைகள் அதில் எந்தத் திசையிலும் ஓடின. அலுவலகங்கள் வந்தன, வாத்தியார்கள் வந்தார்கள், எங்களைப்போல் மாற்றலாகி வந்தவர்கள் வந்தார்கள். காட்டுக்குச் சொந்தக்காரர்கள் மனை பிரித்தார்கள்.

ஒவ்வொருவரும் தன் நிலத்துக்கு மட்டும் தெரு போட்டார். பெரிய சாலையில் ஒரு வாய், அதிலிருந்து உள்ளே சீப்பைப்போல நான்கு பல். நிலம் முடிகிற இடத்தில் தெருவும் முடியும். பக்கத்து நிலத்துக்காரர் தன் பங்குக்கு ஒரு சீப்பு. ஒரு சீப்பின் பல்லும் இன்னொரு சீப்பின் பல்லும் எங்கேயும் தொடாது. தொட்டால் ஒரு மனை குறையும்.

அந்தச் சீப்புகளில் மூன்றை நான்தான் வரைந்தேன். அலுவலக நேரம் போக, வீட்டில், டிரேசிங் துணியில். ஒற்றையடிப் பாதையை வரைபடத்தில் புள்ளிக்கோடாகப் போடுவது வழக்கம். பழைய படத்தில் அந்த இடம் முழுவதும் புள்ளிக்கோடுகள். நான் படி எடுத்தபோது அவற்றை எடுக்கவில்லை. மனைக்கு நடுவே புள்ளி இருந்தால் வாங்குகிறவர் கேள்வி கேட்பார் என்றார்கள். சரி என்றேன்.

இதன் பலனை நான் முதலில் சிரித்துக்கொண்டுதான் பார்த்தேன். என் வீட்டுக்குப் பின்மதில்தான் அடுத்த நகரில் ஒரு வாத்தியார் வீட்டுக்கும் மதில். அவர் மகளுக்குக் கல்யாணம். முறையாக வாசல் வழியே வந்து அழைக்க ஒரு மைல் சுற்ற வேண்டும். அவர் மதில்மேல் ஏணி சாத்தி ஏறிப் பத்திரிகையை நீட்டினார். ஆண் மட்டும் அழைத்தால் மரியாதை இல்லை என்று அவர் மனைவி பட்டுப்புடவையோடு ஏணி ஏறி, குங்குமச் சிமிழை என் மனைவி பார்வதியிடம் நீட்டினார். பார்வதி தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் நின்று எடுத்துக்கொண்டாள். ஏணியை யாரோ கீழே பிடித்துக்கொண்டே, "அம்மா சீக்கிரம், ஏணி ஆடுது" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

அதை நான் அலுவலகத்தில் வேடிக்கையாகச் சொல்லித் திரிந்தேன். ஏணி ஏற முடிந்தவர்களுக்கு அது வேடிக்கை.

எல்லாச் சீப்புகளிலும் எங்கள் மூன்றாம் தெரு ஒன்றுதான் விதிவிலக்கு. அதன் கோடி பழைய பாதையில் போய் முட்டியது. ரயிலடியிலிருந்து ஊருக்குள் போகிறவர்களுக்கு மிச்சமிருந்த ஒரே நேர்வழி. மீன், விறகு, வைக்கோல், உப்பு எல்லாம் அந்த ஐந்தடி வழியாகத்தான் ஊருக்குள் போயின. எல்லாம் பெண்கள் தலையில்.

யாருடைய உயரம்?

ஆடி மாதத்தில் ஆடுகள் வந்து தலைவர் வீட்டுச் செம்பருத்தியைத் தின்றன. அதிலிருந்துதான் ஆரம்பம்.

தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி. பெயர் வேண்டாம். ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. மூன்றாம் தெருவில் கோடி வீடு அவருடையது. சங்கக் கூட்டத்தில் அவர் சுவர் வேண்டும் என்றார். நான் எழுந்து, தெரு பொதுத் தெரு, சுவர் எழுப்பச் சட்டம் இடம் தராது என்றேன்.

"அப்ப என்ன செய்யலாம், தம்பி?"

சொன்னேன். நான்தான் சொன்னேன். தூண்களில் நான்கு போல்ட்டுப் போட்டு முடுக்கிய மர நிலை என்றால் அது நிரந்தரக் கட்டுமானம் ஆகாது. எப்போது வேண்டுமானாலும் கழற்றக்கூடிய தற்காலிக அமைப்பு. யாரும் கேட்க முடியாது. அரை அங்குல போல்ட்டு நான்கு, நட்டு எங்கள் பக்கம் இருக்கும்படி. அங்கேயே ஒரு தாளில் வரைந்து காட்டினேன்.

தலைவர் தாளை வெகுநேரம் பார்த்தார்.

"மேல்கட்டை எதுக்கு ஏழடியில இருக்கு?"

"வழக்கமா நிலை அப்படித்தான்."

"ஆள் போனா போதும். நீங்க எவ்வளவு உயரம்?"

"ஐந்தடி நாலங்குலம்."

"ரெண்டங்குலம் கூட்டிக்குங்க. உங்களுக்குப் போதும்னா ஊருக்குப் போதும்."

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது. ஒரு நகரத்துக்கே என்னை அளவாக வைக்கிறாரே என்று. இருபது ஆண்டாக அங்குலம் பிசகாமல் வரைகிறவன், அந்தக் கூட்டத்திலேயே குள்ளமானவன் நான் என்பதை யோசிக்கவில்லை.

மத்தியானம்

வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்குப் போகும்போது சைக்கிளைச் சுற்றுவழியில் ஓட்டி, பர்லாங்குக் கல்லை எண்ணிப் பார்த்தேன். நேர்வழி இரண்டு பர்லாங்கு, அதாவது கால் மைல். சுற்றுவழி ஒரு மைலும் ஒரு பர்லாங்கும். நிழல் தர ஒரு மரம் இல்லை.

மத்தியானம் 1.10-க்குச் சாப்பிட வந்தேன். இலையில் ரசமும் அப்பளமும்.

"மீன் இல்லையா?"

"எந்த வழியா வரும்?" என்றாள் பார்வதி. "நீங்க வரைஞ்ச வழியாவா?"

பதினொரு மணிக்கு அவள் ரயிலடிக் கடையில் எண்ணெய் வாங்கப் போயிருக்கிறாள். பிலோமினா பிளாட்பாரத்துத் தூணடியில் உட்கார்ந்திருந்தாராம். சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது வாடிக்கை வீடுகளில் பாதிப் பேர் வேறு ஆளிடம் வாங்கிவிட்டார்கள். மிச்சத்தை விற்க அலைந்ததில் 9.40 வண்டி போய்விட்டது. காரல் மீன் முழுவதும் குழைந்து, குப்பையில் கொட்டியாகிவிட்டது. அடுத்த வண்டி சாயங்காலம். அதில் போய்ச் சேர்ந்தால் கரையில் அன்றைய ஏலம் முடிந்திருக்கும்.

"என்ன சொல்றா?"

"இப்படியே இருந்தா இந்த ஊருக்கே வேண்டாம், அதே வண்டியில உக்காந்து பரமக்குடிக்குப் போயிருவேங்கிறா. ஒன்பது வருசம் நடந்து புடிச்ச வீடுங்க. விட்டுட்டுப் போறது லேசா?" ரசத்தை ஊற்றினாள். "ராத்திரிக்குக் கடன் சொல்லியாவது மீன் எடுத்துக்கிட்டு நாளைக்கு ஒருநாள் நம்ம தெரு வழியா வந்து பாருன்னு சொல்லியிருக்கேன்."

"யாரைக் கேட்டுச் சொன்னே?"

"காரியதரிசி வீட்டுக்காரி சொல்லக்கூடாதா?"

மாலை 5.45

தலைவர் வீட்டு முற்றத்தில் பிரம்பு நாற்காலி. செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் திருத்திய படத்தைக் கொண்டுபோயிருந்தேன். மேல்கட்டை எட்டடியில், அகலம் மூன்றடியில். ஆடு தாண்டாமலிருக்கக் கீழ்க்கட்டைக்குப் பதில் ஒரு சின்னப் படல் கதவு.

"தப்பு நடந்துபோச்சுங்க. தலைச்சுமையை நான் கணக்கில் எடுக்கலை. ஆசாரி நாளைக்கே மாத்தித் தரேங்கிறார்."

"தப்பா? என்ன தப்பு?"

"சுமையோட வர்றவங்க போக முடியலை."

அவர் செம்பை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அறியாப் பிள்ளை என்பதுபோல ஒரு சிரிப்பு.

"தம்பி, வெறுங்கையோட வர்றவன் வரட்டும். சுமையோட வர்றவளுக்கு மெயின் ரோடு இருக்கு. காலங்காத்தால வாசல்ல மீன் தண்ணி, விறகுச் செதில், வைக்கோல். நாம இங்க வந்து வீடு கட்டினது எதுக்கு? நீங்க ரொம்ப அழகாப் போட்டிருக்கீங்க. ஒண்ணையும் மாத்த வேண்டாம்."

ஐந்தடி ஆறங்குலம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

தவறு செய்துவிட்டேன் என்று வெட்கப்பட்டு வந்தவனுக்கு, நீ தவறு செய்யவில்லை, நான் நினைத்ததைச் சரியாகச் செய்தாய் என்று பாராட்டுக் கிடைத்தது. ஆட்டுக்கு வைத்த அளவு அல்ல அது. எந்தப் பெண்ணின் தலையில் சுமை இருக்கிறதோ அவளுக்கு வைத்த அளவு. சட்டத்துக்கு அகப்படாத வழியையும் நானே சொல்லி, மாவிலையும் கட்டி, சுண்டலும் தின்றிருக்கிறேன். எழுதும்போது இப்போதும் கோபம் வருகிறது. அந்த மனிதர்மேல் பாதி, என்மேல் பாதி.

"நாளைக்கு அவங்க இந்த வழியா வருவாங்க" என்றேன்.

"வரட்டும். குனிஞ்சு போகட்டும்."

படத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் அவர் கேட்டார்: "தம்பி, கோவமா?" இல்லை என்றேன். அது பொய்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்று அந்த நிலை அங்கே இல்லை. அடுத்த தை மாதத்துக்குள் யாரோ யாரையோ பார்த்து, அங்கே ஏழடிச் செங்கல் சுவர் எழும்பிவிட்டது, மேலே கண்ணாடிச் சில்லோடு. நான் எழுதிய ஆட்சேபணை மனுக்கள் ஆறு, நகல் இருக்கிறது. பிலோமினா பரமக்குடிக்குத்தான் போகிறார். எங்கள் நகர்ப் பெண்கள் இப்போது மீன் வாங்கப் பையைத் தூக்கிக்கொண்டு அந்த ஒரு மைலும் ஒரு பர்லாங்கும் வெயிலில் நடக்கிறார்கள். தலைவர் வீட்டு மருமகளும் நடக்கிறாள். எனக்கு இதில் திருப்தி இல்லை. ஊரெல்லாம் இப்போது சீப்புகள். ஒவ்வொரு பல்லின் நுனியிலும் ஒரு சுவர்.

ஆனால் இதெல்லாம் தையில். நான் சொல்லிக்கொண்டிருப்பது ஆவணி 22. அதற்கு மறுநாள் ஒன்று இருக்கிறது.

ஆவணி 23, சனிக்கிழமை

4.50-க்கு எழுந்தேன். வேப்பங்குச்சி இல்லை, கிணறு இல்லை. முதல் வேலையாகக் கருவிப்பெட்டியைத் திறந்து பெரிய ஸ்பானரை எடுத்தேன்.

நான் வரைந்த நிலை. எந்த நட்டை எந்த வரிசையில் கழற்றினால் பலகை பிளக்காமல் வரும் என்று என்னைவிட யாருக்கும் தெரியாது. முதலில் கீழே இரண்டு. மேலே இடது. கடைசி நட்டுக்கு வந்தபோது நிலையைத் தாங்கிப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டாவது முறையாக.

"நகருங்க" என்றாள் பார்வதி. முந்தானையைச் செருகிக்கொண்டு வந்திருந்தாள். "கட்டிப்புடிச்சுக்கிட்டே நிக்காதீக, கழட்டுங்க."

இருவருமாகத் தூக்கிக்கொண்டு போய்த் தலைவர் வீட்டு மதிலில், செம்பருத்திக்குப் பக்கத்தில், சாய்த்து வைத்தோம். மாவிலை இன்னும் வாடவில்லை. போல்ட்டுகளையும் நட்டுகளையும் துணியால் துடைத்து ஒரு தாளில் பொதிந்தேன். மேலே எழுதினேன்: "தற்காலிக அமைப்பு தற்காலிகமாகக் கழற்றப்பட்டது. போல்ட்டு 4, நட்டு 4, வாஷர் 4, நிலை 1. சேதம் இல்லை." கையெழுத்து, காரியதரிசி, தேதி. அவர் படியில் வைத்து, காற்றில் பறக்காமலிருக்க ஒரு கல்லும் வைத்தேன்.

ரயில் ஊதியது. 6.31, ஒரு நிமிடம் தாமதம்.

6.49-க்குத் தெருமுனையில் கடகப்பெட்டி தெரிந்தது. தலைவர் வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. பிலோமினா தூரத்திலேயே தூண்களைப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் நடையைக் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை.

"காரலா, சூடையா?" என்றாள் பார்வதி.

"வெளைமீன் கெடக்கு தாயி. திரும்பி வரும்போது தாரேன், ஊருக்குள்ள நேரமாகுது" என்று சொல்லிக்கொண்டே எங்களைத் தாண்டினார். தூண்களைத் தாண்டினார். பெட்டியின் அடியிலிருந்து மீன் தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது. எங்கள் தெரு மண்ணிலிருந்து பழைய பாதையின் மண்வரை, புள்ளி புள்ளியாக, ஒரே நேர்கோட்டில்.